கவனக்குறைவு: ஒரு குற்றச்சாட்டின் சரித்திரம்

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசு ஆலை ஒன்றில் வெடிவிபத்து நடந்தால், மறுநாள் பத்திரிகைச் செய்தியில் அடிக்கடி தென்படும் சொல் ‘கவனக்குறைவு’. மருந்து கலக்கும்போது கவனக்குறைவு. மருந்து செலுத்தும்போது கவனக்குறைவு. உராய்வையும் வெயிலையும் சீசன் அவசரத்தையும் விட்டுவிட்டு, இறந்துபோனவனின் மனசுக்குள் காரணத்தைத் தேடுகிற சொல் இது. அவன் எழுந்து வந்து பதில் சொல்லப்போவதில்லை என்பது இதன் சௌகரியம்.

ஏ.டி.எச்.டி. என்று மனநல மருத்துவம் குறிப்பிடும் நிலைக்குத் தமிழில் பெயர் வைத்தவர்களும் இதே சொல்லைத்தான் எடுத்துக்கொண்டார்கள்: கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு. எங்கள் வட்டாரத்தில் ஒரு குற்றச்சாட்டாகப் புழங்கும் வார்த்தை இன்னொரு இடத்தில் ஒரு நோய்நிலையின் பெயராகிவிட்டது. இது மொழிபெயர்ப்பின் விபத்து என்று ஒதுக்கிவிட எனக்குச் சம்மதமில்லை. அந்த நிலையின் சரித்திரமே ஒரு குற்றச்சாட்டில்தான் ஆரம்பிக்கிறது. அந்தச் சரித்திரத்தின் ஒரு பகுதியை மட்டும் இங்கு பார்க்க விரும்புகிறேன். அறிவு வளர்ச்சி குறைந்தவர்களிடம் இந்தக் கவனப் பிரச்னை தனியாக இருக்கக்கூடும் என்பது முதலில் கண்ணில் பட்டது, பிறகு விதிமுறைகளால் மறைக்கப்பட்டது, வெகு தாமதமாகத் திரும்பவும் ஒப்புக்கொள்ளப்பட்டது. இந்த மறைப்பின் செலவை ஏற்றவர்கள் யார் என்பதுதான் என் கேள்வி.

1798-ல் இங்கிலாந்தில் இரண்டு புத்தகங்கள் வெளிவந்தன. ஒன்று இலக்கிய மாணவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ‘லிரிக்கல் பாலட்ஸ்’. அதில் வேர்ட்ஸ்வொர்த்தின் ‘தி இடியட் பாய்’ இருக்கிறது. அண்டை வீட்டுக்காரிக்கு உடம்பு சரியில்லை. டாக்டரை அழைத்து வரும்படி பெட்டி ஃபாய் தன் மகன் ஜானியை ராத்திரியில் மட்டக்குதிரை மேல் ஏற்றி அனுப்புகிறாள். போன காரியம் பையனிடமிருந்து நழுவிவிடுகிறது. தாய் தேடிப்போய், அருவி ஓரத்தில் அவனைக் கண்டுபிடிக்கிறாள். மற்றது, அலெக்ஸாண்டர் கிரைட்டன் என்ற ஸ்காட்லாந்து டாக்டர் மனக்கலக்கத்தைப் பற்றி எழுதிய இரண்டு பாக நூல். அதில் கவனத்துக்கும் அதன் கோளாறுகளுக்கும் தனி அத்தியாயம் உண்டு. எதிலும் நிலைத்து நிற்க முடியாத கவனம் சிலருக்குப் பிறவியிலேயே அமையலாம் என்றும், வயது ஏற ஏற அது குறையலாம் என்றும் அவர் எழுதினார். கவிதையில் மந்தபுத்தி, மருத்துவ நூலில் கவனம். ஜானி காரியத்தை மறந்தது அவன் புத்தியினாலா, கவனத்தினாலா என்ற கேள்வி யாருக்கும் எழவில்லை. கவிதைப் பாத்திரத்துக்கு நோய் கண்டுபிடிக்கிற அபத்தத்தை நான் செய்யப்போவதில்லை. ஒரே ஆண்டில் பக்கத்துப் பக்கத்தில் வந்த இந்த இரண்டு விஷயங்களும் ஒரே மனிதனிடம் சேர்ந்து இருக்கலாம் என்று ஒப்புக்கொள்ள மருத்துவத்துக்கு ஏறக்குறைய இருநூறு வருஷங்கள் பிடித்தன என்பதை மட்டும் சொல்கிறேன்.

1902 மார்ச்சில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் லண்டனில் மூன்று சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். அடங்காத, நிலைகொள்ளாத, தண்டனையால் திருந்தாத குழந்தைகளைப் பற்றியது அவர் பேச்சு. அவர் அந்நிலைக்குக் கொடுத்த பெயர் ‘தார்மிகக் கட்டுப்பாட்டின் குறை’ என்ற அர்த்தம் தருவது. தார்மிகம் என்ற வார்த்தைக்கு அவர் காலத்தில் இருந்த அர்த்த விரிவைக் கணக்கில் கொண்டாலும், குற்றச்சாட்டின் சாயல் அதில் இருக்கத்தான் செய்கிறது. இவர்களை அவர் பிரித்துக் காட்டினார்: பொதுவான அறிவுக் குறைவோடு இந்நிலை உள்ளவர்கள், அறிவுக் குறைவு இல்லாமலே இந்நிலை உள்ளவர்கள். பின்னால் வந்த சரித்திரம் இரண்டாம் பிரிவினரை எடுத்துக்கொண்டு நடந்தது. முதல் பிரிவினர் அதே பக்கத்தில் தங்கிவிட்டார்கள்.

நம் நாட்டில் அப்போது இந்தப் பிரிவினைக்கே அவசியமில்லாமல் இருந்தது. சென்னையில் வாலன்டைன் கானலி 1794-ல் தொடங்கிய விடுதியும், 1871-ல் கீழ்ப்பாக்கத்தில் திறக்கப்பட்ட மனநோய் விடுதியும் யார் யாரையோ ஒரே சுவருக்குள் வைத்திருந்தன. 1912-ன் இந்தியப் பைத்தியச் சட்டம் மந்தபுத்தி உள்ளவரையும் சித்தசுவாதீனம் இல்லாதவரையும் ஒரே சொல்லுக்குள் அடக்கியது. 1987-ல் வந்த மனநலச் சட்டம் அதற்கு நேர் எதிர்த் திசையில் போயிற்று: மனநோயாளி என்பதன் வரையறையிலிருந்து மனவளர்ச்சிக் குறைவை அது விலக்கியது. 2017-ன் மனநலப் பாதுகாப்புச் சட்டமும் அந்த விலக்கைத் தொடர்கிறது. குறைபாடு வேறு, நோய் வேறு என்று சொன்னது நியாயமான காரியம்தான். ஆனால் நடைமுறையில் வாசல் இரண்டாயிற்று. இரண்டும் உள்ளவன் எந்த வாசலில் நிற்பது?

மேற்கில் நடந்ததில் ஒரு விசித்திரம் இருக்கிறது. கவனச் சிதறலைப் பொறுமையாக உட்கார்ந்து ஆராய்ந்த முதல் இடங்களில் ஒன்று மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளின் பள்ளிதான். ஜெர்மனியிலிருந்து வெளியேறிய ஆல்பிரெட் ஸ்ட்ராஸ், மிச்சிகன் மாநிலத்தில் அத்தகைய பயிற்சிப் பள்ளி ஒன்றில் 1930-களின் பிற்பகுதியிலிருந்து வேலை செய்தார். ஒரே அளவு அறிவுக் குறைவுள்ள இரண்டு குழந்தைகளில் ஒன்று உட்கார்ந்து மெதுவாகக் கற்பதையும், மற்றது ஒவ்வொரு சத்தத்துக்கும் திரும்புவதையும் அவரும் அவருடைய சகாக்களும் கவனித்தார்கள். 1947-ல் லாரா லெஹ்டினனோடு சேர்ந்து எழுதிய புத்தகத்தில் வகுப்பறை எப்படி இருக்கவேண்டும் என்றும் சொன்னார்: சுவரில் படங்கள் வேண்டாம், ஜன்னலின் கீழ்ப்பகுதியை மறைக்கலாம், ஆசிரியை நகை அணியாமல் எளிய உடையில் வரட்டும். அவருடைய மூளைச் சேதக் கொள்கை நிற்கவில்லை. அவர் பார்த்த பார்வை சரியானது. மந்தம் என்ற ஒரே பெயருக்குள் இரண்டு வேறு குழந்தைகள் இருந்ததை அவர் பார்த்தார்.

அதற்குப் பிறகு வந்தவர்கள் இந்தக் குழந்தைகளை வெளியே அனுப்பிவிட்டு விஷயத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். 1966-ல் அமெரிக்காவில் கிளெமென்ட்ஸ் தலைமையில் ‘சிறு அளவு மூளைச் செயல் பிறழ்ச்சி’ என்று வரையறுத்தபோது, அது சராசரி அல்லது சராசரிக்கு அருகிலோ மேலோ அறிவுள்ள குழந்தைகளுக்கே உரியது என்று எழுதினார்கள். 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் மூன்றாம் கையேடு கவனக்குறைவுக்குப் புதுப் பெயர் கொடுத்தது. கடுமையான மனவளர்ச்சிக் குறைவால் ஏற்பட்டதாக இருக்கக்கூடாது என்ற நிபந்தனையையும் சேர்த்தது. புத்தி குறைந்தவன் கவனிக்கமாட்டான், அது புத்திக் குறைவின் ஒரு அம்சம், அதற்குத் தனிப் பெயர் எதற்கு என்ற தர்க்கம் இது. பார்வைக்கு நியாயமாகத் தோன்றும். கால் ஊனமுற்றவனுக்குக் காய்ச்சல் வந்தால் அதுவும் காலினால்தான் என்று யாராவது சொன்னால் சிரிப்போம். மூளை விஷயத்தில் சிரிப்பு வருவதில்லை.

1982-ல் ஸ்டீவன் ரைஸும் அவருடைய சகாக்களும் இந்தத் தர்க்கத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரே மாதிரியான மனக் கோளாற்றின் விவரத்தைக் கொடுத்து, ஆள் சாதாரண அறிவுள்ளவர் என்று ஒரு தடவையும் மனவளர்ச்சி குன்றியவர் என்று இன்னொரு தடவையும் குறிப்பிட்டபோது, இரண்டாவது ஆளிடம் அந்தக் கோளாறு இருப்பதை நிபுணர்களே குறைத்து மதிப்பிட்டார்கள். பெரிய பெயரின் நிழல் சிறிய பெயரின் மேல் விழுந்துவிடுகிறது என்ற அர்த்தத்தில் அதற்கு ஒரு பெயரும் வைத்தார்கள். 1987-ல் அமெரிக்கக் கையேடு திருத்தப்பட்டபோது ஒரு முக்கியமான வாசகம் சேர்ந்தது: அதே மனவயதுள்ள மற்றவர்களைவிட இந்த நடத்தை கணிசமாக அதிகமாக இருந்தால்தான் கணக்கில் கொள்ளவேண்டும். இருபது வயதுக்காரனின் அறிவு ஆறு வயதுக் குழந்தையின் அளவில் இருந்தால் அவனை இருபது வயதுக்காரர்களோடு ஒப்பிடக்கூடாது. ஆறு வயதுக் குழந்தைகளோடு ஒப்பிடவேண்டும். ஆறு வயதுக் குழந்தைகூட உட்கார்ந்து ஒரு கதையைக் கேட்கும். இவன் அதற்கும் முடியாதவனாக இருந்தால், அங்கே அறிவுக் குறைவைத் தவிர வேறு ஒன்றும் இருக்கிறது. ஸ்ட்ராஸ் நாற்பது வருஷங்களுக்கு முன் பார்த்த இரண்டு குழந்தைகள் இந்த ஒரு வாக்கியத்தின் வழியாகத் திரும்பி வந்தார்கள்.

இதையெல்லாம் எங்கள் ஊர்ப் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் காரணம், இந்த வட்டாரத்தின் பொருளாதாரமே குழந்தையின் கவனத்தின் மேல் எழும்பியது என்பதுதான். மழை பொய்க்கும் கரிசல் பூமி. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய பிறகு, வெள்ளாமை கைவிட்ட கிராமங்களுக்கு ஒரு கூலி கிடைத்தது. மக்கள் வாயில் அது ‘தீப்பெட்டி ஆபீஸ்’. பள்ளமிட்ட மரச்சட்டங்களில் குச்சிகளை ஒவ்வொன்றாக அடுக்குவது, பெட்டி ஒட்டுவது ஆகிய வேலைகளுக்குப் பலம் வேண்டாம். சின்ன விரலும் அசையாத உடம்பும் சிதறாத கண்ணும் போதும். கூலி நாளுக்கு இல்லை, கட்டைக்கு. எழுந்து போய்த் திரும்பும் ஒவ்வொரு தடவைக்கும் காசு குறையும். கவனத்தை இவ்வளவு துல்லியமாக அளந்து விலை போட்ட இன்னொரு தொழிலை நான் அறியேன். எந்த மனோதத்துவப் பரீட்சையும் வருவதற்கு முன்பே, எந்தப் பிள்ளை இருக்கும், எந்தப் பிள்ளை இருக்காது என்று இந்த ஊர்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்திருந்தது.

இருக்கிற பிள்ளைகளைப் பற்றி உலகம் பேசியது. 1983-ல் ஸ்மிது கோத்தாரி ‘எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி’யில் எழுதிய கட்டுரை சிவகாசியை நாடறியச் செய்தது. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. எம்.சி. மேத்தா வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று சுப்ரீம் கோர்ட், விதிமீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்டவேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. இவையெல்லாம் நடந்தாக வேண்டியவை. நடந்ததில் பெரும் நன்மை உண்டு. ஆனால் உழைப்பைக் கணக்கெடுக்கும் அறிக்கையில், உழைப்புக்கு லாயக்கில்லை என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைக்கு இடம் இருக்க முடியாது. அவன் தீப்பெட்டி ஆபீஸுக்கும் போகவில்லை, பள்ளிக்கூடத்திலும் நிற்கவில்லை. பட்டாசு ஆலைப் பக்கம் அவனை அண்டவிடுவது ஆபத்து. 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததைக் கண்ட ஊர்களில் அந்தப் பயம் நியாயமானது. ஆக, தாய் வேலைக்குப் போகும்போது வீட்டுக் கதவு வெளியிலிருந்து பூட்டப்படுகிறது. தாயைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

அந்தப் பிள்ளைகளில் சிலர் வளர்ந்து ஆளாகி எங்கள் வங்கிக் கிளைக்கு வருகிறார்கள். அரசின் பராமரிப்பு உதவித்தொகை, 2023 ஜனவரியிலிருந்து மாதம் 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது, தாயைக் காப்பாளராகப் போட்ட கணக்கில் வருகிறது. ஒரு அம்மா கையெழுத்துப் போடுவதற்குள் அவர் மகன், இருபது வயது இருக்கும், இரண்டு தடவை வாசல் வரை போய்த் திரும்பினான்; பேனாக் கயிற்றை இழுத்தான்; வரிசையில் நின்றவரின் பையைத் திறந்தான். அதட்டினால் ஒரு கணம் நின்று, மறுகணம் மறந்துவிடுகிறான். “ஒரு எடத்துல இருக்கமாட்டான் சார், சின்னதுலருந்தே இப்பிடித்தான்” என்றார். “டாக்டர்ட்ட இதச் சொன்னீங்களாம்மா?” என்று கேட்டேன். “மூளை வளர்ச்சி இல்லேன்னு சர்ட்டிபிகேட்டே குடுத்துட்டாகளே சார், பெறகு அதுக்கு மேல என்னத்தச் சொல்ல?” என்றார். ரைஸ் 1982-ல் கட்டுரை எழுதி நிறுவியதை அவர் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

அந்தச் சர்ட்டிபிகேட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். 2018-ல் மத்திய அரசு வெளியிட்ட வழிமுறைப்படி, சமூக முதிர்ச்சி அளவையில் கிடைக்கும் எண்ணை வைத்து லேசான குறைபாட்டுக்கு 50, மிதமானதற்கு 75, கடுமையானதற்கு 90, மிகக் கடுமையானதற்கு 100 சதவீதம் என்று எழுதப்படுகிறது. எட்கர் டால் 1935-ல் அமெரிக்காவில் வைன்லாண்ட் பள்ளியில் உருவாக்கி, பிறகு மாலின் இந்தியாவுக்கு ஏற்ப மாற்றிய அளவை அது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஏ.டி.எச்.டி. இல்லை. எனவே அதைக் கண்டுபிடிப்பதால் எண் ஏறப்போவதில்லை, பணம் கூடப்போவதில்லை. இன்னொன்று: இருப்புக்கொள்ளாத ஒருவனை உட்காரவைத்து புத்தியை அளக்கும்போது, அவன் கேள்வியைக் காதில் வாங்காததும் புத்திக் குறைவாகவே எண்ணில் சேர்கிறது. கவனத்தின் கடன் புத்தியின் கணக்கில் பற்று எழுதப்படுகிறது.

அடையாளம் காணப்படாத அமைதியின்மையை இந்தச் சமூகம் சும்மா விட்டதில்லை. 1985 மார்ச் வரை விருதுநகரும் ஏர்வாடியும் ஒரே ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தன. எங்கள் பக்கத்திலிருந்தும் அடங்காதவர்களை ஏர்வாடிக்குக் கொண்டுபோய் விடுவது வழக்கம். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் அங்கே ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அதன்பின் சங்கிலிக்கு எதிராகச் சட்டமும் கோர்ட்டும் விழித்துக்கொண்டன. சங்கிலியின் இடத்துக்கு மாத்திரை வந்தது. மனச்சிதைவுக்கு உரிய மாத்திரையை, மனச்சிதைவு இல்லாத மந்தபுத்திக்காரனுக்கு, அவன் அடங்கட்டும் என்பதற்காகக் கொடுப்பது. இது நம் ஊர்ப் பழக்கம் மட்டுமல்ல. பிரிட்டனில் 2015-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களில் இத்தகைய மருந்து பெற்றவர்களில் 71 சதவீதத்தினருக்குக் கடுமையான மனநோய் இருந்ததாகப் பதிவே இல்லை. 2008-ல் ‘லான்செட்’டில் வந்த டைரர் குழுவின் ஆய்வோ, ஆக்ரோஷம் காட்டிய 86 பேரிடம் ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன், வெறும் மாத்திரை மூன்றையும் ஒப்பிட்டு, வெறும் மாத்திரை மற்ற இரண்டுக்கும் குறைந்ததாக இல்லை என்று கண்டது.

அப்படியென்றால் அடையாளம் காண்பது எப்படி? நான் டாக்டர் அல்ல. ஆனால் இந்த வழிமுறையில் ரகசியம் எதுவும் இல்லை. முதல் கேள்வி, இது எப்போதிலிருந்து என்பது. சின்ன வயசிலிருந்தே தொடர்ந்து வருவதென்றால் ஒன்று. போன மாதம் தொடங்கியதென்றால் முற்றிலும் வேறு. சொல்லத் தெரியாதவனுக்குப் பல்வலி இருக்கலாம், காது அடைத்திருக்கலாம், மலச்சிக்கல் இருக்கலாம், தைராய்டு சுரப்பு மாறியிருக்கலாம், தூக்கம் கெட்டிருக்கலாம். இவர்களில் பலருக்கு வலிப்பும் உண்டு. வலிப்புக்கு மலிவாகக் கிடைக்கும் பீனோபார்பிடோனே குழந்தைகளைத் துறுதுறுப்பாக்கக் கூடியது. அப்போது மாற்றவேண்டியது மாத்திரையை. இரண்டாவது, இது எல்லா இடத்திலும் இருக்கிறதா என்பது. பள்ளியில் மட்டும் என்றால் பாடம் அவனுக்கு எட்டவில்லை என்று அர்த்தமாகலாம். பூட்டிய வீட்டில் மட்டும் என்றால் பூட்டுத்தான் காரணம். மூன்றாவது, முன்பு சொன்ன மனவயது ஒப்பீடு. இவை எல்லாவற்றுக்கும் விடை சொல்லக்கூடியவள் தாய். அல்லது பாட்டி, சிறப்புப் பள்ளி ஆசிரியை. டாக்டர் கேட்டால் சொல்வார்கள்.

சிகிச்சையிலும் மாயம் இல்லை. ஒரு தடவைக்கு ஒரு கட்டளை. வேலையைத் துண்டு துண்டாகக் கொடுப்பது. நடுவில் எழுந்து நடக்க விடுவது. அடுத்து என்ன என்பதைப் படத்தில் காட்டுவது. பிறகு மருந்து. எங்கள் ஊரில் ‘மருந்து’ என்றால் முதலில் வெடிமருந்துதான் ஞாபகம் வரும், அளவு பிசகினால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தப் பயம் இங்கேயும் பயன்படும். 1937-ல் சார்ல்ஸ் பிராட்லி, அமெரிக்காவில் 30 குழந்தைகளுக்கு பென்சிட்ரின் கொடுத்துப் பார்த்ததிலிருந்து ஊக்கி மருந்துகளின் கதை தொடங்குகிறது. 1944-ல் சீபா கம்பெனியில் தயாரிக்கப்பட்ட மெதில்பெனிடேட் இன்றும் முதல் தேர்வு. அறிவு எண் 30 முதல் 69 வரை உள்ள 122 குழந்தைகளிடம் எமிலி சைமனாஃபின் குழு இங்கிலாந்தில் 16 வாரம் நடத்தி 2013-ல் வெளியிட்ட ஆய்வில், மருந்து பெற்றவர்களில் 40 சதவீதம் பேர் தெளிவாக முன்னேறினார்கள். வெறும் மாத்திரை பெற்றவர்களில் 7 சதவீதம். மற்றக் குழந்தைகளுக்குக் கிடைக்கும் பலனைவிட இது குறைவு. பசி குறைவதும் தூக்கம் கெடுவதும் எடை இறங்குவதும் உண்டு. எனவே குறைந்த அளவில் தொடங்கி, எடையையும் நாடித் துடிப்பையும் பார்த்து, பலன் இல்லையென்றால் நிறுத்திவிடவேண்டும். இந்தியாவில் இது எக்ஸ் அட்டவணையில் உள்ள மருந்து. கடைக்குத் தனி லைசென்ஸ், சீட்டு இரண்டு பிரதி வேண்டும். மந்தமாக்கும் மாத்திரை சுலபமாகக் கிடைக்கும் ஊரில் கவனம் தரும் மாத்திரைக்கு மதுரைக்குப் பஸ் ஏற வேண்டியிருப்பதன் முரண் யோசிக்கத் தகுந்தது.

நம் சிறுபத்திரிகை வாசகர்களிடமிருந்து வரக்கூடிய ஆட்சேபம் எனக்குத் தெரியும். பூக்கோவையும் லெயிங்கையும் படித்தவர்கள், பெயர் சூட்டுவதே அதிகாரம் என்பார்கள். துறுதுறுப்பையும் ஒரு நோயாக்கி மாத்திரை விற்கிறார்கள் என்பார்கள். வசதியுள்ள வீட்டுப் பையனுக்குப் பரீட்சை மார்க்குக்காக மருந்து கேட்கும் இடத்தில் இந்தச் சந்தேகம் நியாயமானது. ஆனால் நான் பேசுகிறவனுக்கு ஏற்கனவே ஒரு பெயர் சூட்டியாகிவிட்டது. அந்தப் பெயர் ஆயுள் முழுவதற்குமானது, வேறு எதையும் கேட்க விடாதது. அவனுக்கு இன்னொரு, சிறிய, திருத்தக்கூடிய பெயர் கிடைப்பது பெரிய பெயரின் அதிகாரத்தைக் குறைக்கிற காரியம். நம் கதைகளும் கவிதைகளும் அவனை வெகுளி என்றும் தெய்வக் குழந்தை என்றும் சின்னமாக நிறுத்தியிருக்கின்றன. சின்னத்துக்குப் பல்வலி வருவதில்லை.

ஆட்சேபத்தில் ஒரு பகுதியை நான் ஏற்றுக்கொள்கிறேன். மருந்து கொடுத்த பிறகு யாருக்கு நல்லதாயிற்று என்று கேட்டே ஆகவேண்டும். அவன் சத்தமில்லாமல் மூலையில் உட்கார்ந்திருக்கிறான் என்பது பதிலாகாது. சங்கிலியும் அதைச் சாதித்தது. சட்டைப் பொத்தானை இப்போது அவனே போட்டுக்கொள்கிறானா? சாப்பிட்டு முடிக்கும்வரை தட்டின் முன்னால் இருக்கிறானா? தங்கச்சியோடு தாயம் விளையாடும்போது தன் முறை வரும்வரை காத்திருக்கிறானா? கடைக்குப் போய், சொன்ன சாமானை வாங்கித் திரும்பி வருகிறானா? தாய் வேலைக்குப் போகும்போது கதவைப் பூட்டாமல் போக முடிகிறதா? சர்ட்டிபிகேட்டில் சதவீதத்துக்குக் கீழே நிறைய வெற்றிடம் இருக்கிறது. இந்தக் கேள்விகள் அங்கே பிடிக்கும்.